கதுலு சிலையை டிஜிட்டலில் விற்றால் என்ன தப்பு?

மார்த்தாண்டம்காரன்:
நாகர்கோவில் வடசேரியில் ஒரு நண்பன் வீட்டு மாடியில் 'கால் ஆஃப் கதுலு' ஆடுகிறோம். கதுலு என்ற கற்பனைப் பூதத்தின் பெயரில் 1981-இல் வந்த திகில் ஆட்டம்; ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடுவது. பகடை, பென்சில், கொஞ்சம் கற்பனை போதும். இதை வெளியிடும் கேயாசியம் நிறுவனம் 2021-இல், டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்கள் விற்கும் வீவீ செயலியில் என்எஃப்டி சிலைகள் விற்றது; அதாவது, பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பதிவேட்டில் உரிமை பதியப்படும் டிஜிட்டல் சிலைகள். ரசிகர்கள் திட்டித் தீர்க்க, 2022-இல் நிறுத்தி வைத்தது. பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு. எதற்கு இத்தனை சண்டை?

தக்கலைப் பகடை:
மக்கா, அப்போது என்எஃப்டி என்றாலே மின்சாரம் தின்னும் சமாச்சாரம் என்றுதான் பேச்சு. பல என்எஃப்டிகள் ஓடும் எதீரியம் என்ற பிளாக்செயினே 2022 செப்டம்பரில்தான் மின்சாரம் குறைவாகத் தின்னும் முறைக்கு மாறியது. எனக்கு அதைவிட எரிச்சல், வாங்குகிறவர்களில் பலர் ஆட வாங்கவில்லை, கூடுதல் விலைக்குத் தள்ளிவிடத்தான் வாங்கினார்கள். செயலியை மூடிவிட்டால் சிலை எங்கே போகும்? என் விதிநூலை ஓரத்தில் கறையான் அரித்துவிட்டது, இன்னும் அதை வைத்துத்தான் ஆடுகிறேன்.

குளச்சல் அக்கா:
தம்பி, அப்போது காலமும் சரியில்லை. 2021 டிசம்பரில்தான், புதுத் திட்டங்களுக்கு மக்களிடம் பணம் திரட்டித் தரும் தளமான கிக்ஸ்டார்ட்டர் பிளாக்செயின் பக்கம் போவதாக அறிவித்தது. சின்ன அளவில் ஆட்டம் தயாரிப்பவர்கள் பலருக்குப் பிழைப்பே அங்கேதான். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்த்தாண்டம்காரன்:
சரி அக்கா, அது புரிகிறது. ஆனால் பிளாஸ்டிக் பொம்மையையும்தான் பதுக்கி விற்கிறார்கள், அதற்கு யாரும் இப்படிக் கத்துவதில்லையே?