தெரு ஊழியத்துக்கு வாலிபர்களை எழுப்ப எந்த வேதபகுதி? மத்தேயு 28 மட்டும் போதவில்லை

வாலிபர்சங்கம்_கீழத்தெரு:
ஸ்தோத்திரம். சபையைச் சுற்றியுள்ள தெருக்களில் சனிக்கிழமை மாலை வீடு சந்திப்பு ஆரம்பிக்கப் போகிறோம். இதற்கென்று வழக்கமாக எடுப்பது சகல ஜாதிகளையும் சீஷராக்கச் சொல்லும் மத்தேயு 28:19, இல்லையென்றால் துன்மார்க்கனை எச்சரிக்காவிட்டால் பழி உன்மேல் என்னும் எசேக்கியேல் 3:18. பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் கை தூக்குவார்கள். மூன்றாவது வாரம் ஆளைக் காணோம். ஆத்தும பாரம், அதாவது பிறர் இரட்சிப்பைப் பற்றிய அக்கறை, நிலைத்து நிற்க எந்தப் பகுதிகளை, எப்படிப் படிக்கலாம்?

வேதபாடம்_நெல்லை:
முதலில் எசேக்கியேலை எடுத்து வையுங்கள். அது இஸ்ரவேல் வீட்டாருக்குக் காவலாளனாக வைக்கப்பட்ட தீர்க்கதரிசிக்குச் சொன்னது. "இரத்தப்பழியைக் கேட்பேன்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தினால் முதல் வீட்டு வாசல் வரைக்கும் போவார்கள். நாலு வீட்டில் கதவைச் சாத்திவிட்டால் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் எப்படி வருவார்கள்?

மத்தேயு 28-ஐ 19-ல் ஆரம்பிக்காதீர்கள். 17-ம் வசனத்தில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. அந்தச் சந்தேகக்காரர்களும் நின்ற கூட்டத்துக்குத்தான் கட்டளை கொடுக்கப்பட்டது. கட்டளைக்கு முன்னால் "சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது", பின்னால் "சகல நாட்களிலும் உங்களுடனேகூட இருக்கிறேன்". நடுவிலிருக்கும் கட்டளையை மட்டும் பிய்த்து எடுத்தால் சுமைதான் மிஞ்சும்.

நான் சிபாரிசு செய்வது மத்தேயு 9:35 முதல் 10:16 வரை. இயேசு ஜனங்களைப் பார்க்கிறார், மனதுருகுகிறார், அறுப்புக்கு ஆள் வேண்டுமென்று ஜெபிக்கச் சொல்கிறார். ஜெபிக்கச் சொல்லப்பட்டவர்களையே அடுத்த அதிகாரத்தில் அனுப்புகிறார். அந்த வரிசையிலேயே நீங்களும் போங்கள். முதல் வாரம் கைப்பிரதி இல்லாமல் தெருவை நடந்து பார்க்க மட்டும். யார் வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர், எந்த வீட்டில் வேலையில்லாத பையன் என்று கண்ணில் படும். இரண்டாம் வாரம் அந்த வீடுகளுக்காக ஜெபம். மூன்றாம் வாரம்தான் கதவைத் தட்டுவது.

சகோதரி_மதுரை:
ஐயா சொன்னது சரி. ஆனால் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு மாற்கு 5:19 இன்னும் கிட்டத்தில் நிற்கும். பிசாசுகள் நீங்கிக் குணமாகி, படவில் கூட வருகிறேன் என்று கெஞ்சினவனை இயேசு வீட்டுக்கு அனுப்பி, கர்த்தர் அவனுக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான், உபதேசம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கு மூன்று நிமிடச் சாட்சி எழுதி வரச்சொல்லி, "இரட்சிக்கப்பட்டேன்", "அபிஷேகம்" மாதிரி சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை அடித்துவிட்டு மறுபடி சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் திணறுவார்கள். அந்தத் திணறலை வாசலில் போய்ப் படாமல் சபையிலேயே படட்டும்.

இரண்டிரண்டு பேராய்ப் போங்கள் (மாற்கு 6:7), ஜோடியில் ஒரு பெண் இருந்தால் நல்லது. விளக்கேற்றும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல், அவர்கள் உட்காரச் சொன்னாலொழிய, வேண்டாம். லூக்கா 10:7-ல் "வீட்டுக்கு வீடு போகாதேயுங்கள்" என்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐம்பது வீட்டில் பிரதி போட்டுவிட்டு வருவதைவிட ஐந்து வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் பலன் தரும்.

பழையஏடு:
கடமை என்கிற பேச்சே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1912-ல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, 1 கொரிந்தியர் 9:16-ஐச் சொல்ல வைப்பாராம்: "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." அவர்களில் பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாத ஏழை ஜனங்கள். அதே வசனம் அங்கே பலித்து இங்கே பலிக்கவில்லை என்றால், அவர்களுக்கு அது தாங்கள் பெற்றுக்கொண்டதைத் தாங்களே வாய்திறந்து சொல்வது. நம் பிள்ளைகளுக்கு அது மேடையிலிருந்து வரும் மிரட்டல். 16-ஐப் படித்தால், "எல்லாருக்கும் எல்லாமானேன்" என்று பவுல் சொல்லும் 19 முதல் 23 வரை சேர்த்தே படியுங்கள்.

வாலிபர்சங்கம்_கீழத்தெரு:
நன்றி. தீபாவளி சமயத்தில் அரிசிப் பை கொடுத்து அதோடு புதிய ஏற்பாடும் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. செய்யலாமா?

வேதபாடம்_நெல்லை:
வேண்டாம் தம்பி. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. அரிசியும் புத்தகமும் ஒரே பையில் போனால் ஆசைகாட்டினார்கள் என்ற பேச்சு நிச்சயம் வரும். சட்டத்தை விடுங்கள், 2 கொரிந்தியர் 4:2 "தந்திரமாய் நடவாமலும்" என்கிறது. அரிசி கொடுக்க மனசிருந்தால் தாராளமாய்க் கொடுங்கள். வேறொரு நாளில், எதுவும் சொல்லாமல்.

சகோதரி_மதுரை:
இன்னொன்று. திரும்பி வந்ததும் "எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்காதீர்கள். இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் சந்தோஷமாய்த் திரும்பி வந்தபோதே, அதைவிட உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு (லூக்கா 10:20). யாரைப் பார்த்தீர்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அதை நோட்டில் எழுதி, புதன்கிழமை ஜெபத்தில் வாசியுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் பேரை மட்டும் வாசிக்க வேண்டாம்.