உறுப்பினர் ஏற்றிய காவடி வீடியோவில் சினிமாப் பாட்டு: தளம் நடத்துபவர் மாட்டுவாரா?

சாட்ஸ்வர்த் தளக்குழு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கோயில்களின் காவடி, தீமிதி வீடியோக்களை உறுப்பினர்களே ஏற்றும் தளம் எங்களுடையது. யூடியூப் அல்ல, வாடகை சர்வரில் ஓடுகிறது. ஒரு இசை நிறுவனம் மெயில் அனுப்பியிருக்கிறது: "எங்கள் பாடல்கள் உங்கள் தளத்தில் உள்ளன; 48 மணி நேரத்தில் நீக்கி இழப்பீடு செலுத்தவும்." எந்த வீடியோ என்று லிங்க் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஏற்றியது நாங்கள் இல்லையே, பணம் கட்டணுமா?

நேட்டால் சட்டம்:
2002-ஆம் ஆண்டு 25-ஆம் எண் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தை (ஈசிடி ஆக்ட்) எடுங்கள். 77-ஆம் பிரிவின்படி நீக்கல் அறிவிப்பில் புகார் கொடுப்பவரின் பெயர், முகவரி, கையெழுத்து, தொடர்பு விவரம், மீறப்பட்ட உரிமை எது, எந்தக் கோப்பு, என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இருக்கணும். நல்லெண்ணத்தில் தருகிறேன், தகவல் உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். உங்களுக்கு வந்தது அந்தக் கணக்கில் சேராது.

அதற்காகக் கிடப்பில் போடாதீர்கள். பிறர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பல்ல என்ற 75-ஆம் பிரிவின் பாதுகாப்பு, மீறல் பற்றித் தெரியாதவருக்குத்தான். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்றால், அறிவிப்பு அரைகுறையாக இருந்தாலும் 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் பலவீனமாகிவிடும். லிங்க், பாடல் பெயர், எந்த உரிமை என்று கேட்டு இன்றே பதில் போடுங்கள். அந்தப் பதிலில் மன்னிப்பும் வேண்டாம், தொகையும் வேண்டாம்.

சர்வர்காரர்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் முதல் படியே விட்டுப்போச்சு. 72-ஆம் பிரிவைப் பாருங்கள்: அரசு அங்கீகரித்த தொழில் அமைப்பில் உறுப்பினராகி, அதன் நடத்தை விதியை நடைமுறைப்படுத்தியவருக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான இஸ்பா அப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு. அறிவிப்பைப் பெறும் முகவரின் பெயர், முகவரி, போன், மெயில் தளத்தில் பொதுவில் இருக்கவும் வேண்டும். கோயில் குழு நடத்தும் தளங்களில் இதெல்லாம் அனேகமாக இருக்காது. அப்போது 1978-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நேராக உங்கள் மேல் பாயும். 23-ஆம் பிரிவு பிறரைச் செய்யவைத்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

இன்னொன்று: இசை நிறுவனம் உங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கே (ஹோஸ்ட்) எழுதலாம். தவறான அறிவிப்பை நம்பி நீக்கினாலும் ஹோஸ்டுக்குப் பொறுப்பில்லை. யூடியூபில் இருப்பது போல, ஏற்றியவர் நீக்கலை மறுத்து எழுதும் எதிர் அறிவிப்பு முறையும் இந்தச் சட்டத்தில் கிடையாது. ஹோஸ்டுக்கு ஒரு கோப்பை மட்டும் எடுப்பதைவிட முழுத் தளத்தையும் முடக்குவது சுலபம். பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும்.

சாட்ஸ்வர்த் தளக்குழு:
அப்போ ஐரோப்பா மாதிரி, ஏற்றும்போதே பாட்டைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஃபில்டர் போடணுமா? கோயிலுக்கு இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் லைசென்ஸ் இருக்கே. தேவாரம் ஓடும் வீடியோக்களையும் எடுக்கணுமா?

நேட்டால் சட்டம்:
ஃபில்டர் கட்டாயமில்லை. 78-ஆம் பிரிவு பொதுக் கண்காணிப்புக் கடமையைச் சுமத்தவில்லை. ஐரோப்பாவின் 2019 ஆணையின் 17-ஆம் உறுப்பு பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக்காரர்களுக்குப் பொருந்தும், நமக்கில்லை.

சாம்ரோ லைசென்ஸ் கோயில் வளாகத்தில் ஸ்பீக்கரில் போடுவதற்கு. இணையத்தில் ஏற்ற அது போதாது. ஒலிப்பதிவின் உரிமையாளர் வேறு ஆள்.

தேவார வரிகளை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் இங்கே உரிமை உண்டு. ஓதுவார் நேரில் பாடியது என்றால் அவர் சம்மதம் வாங்குங்கள். சிடி ஓடியிருந்தால் சினிமாப் பாட்டு மாதிரியே கவனியுங்கள்.

சர்வர்காரர்:
சிக்கிய வீடியோவை அழிக்காமல் பொதுப் பார்வையிலிருந்து மட்டும் மறையுங்கள். ஏற்றியவர் கணக்கு, ஏற்றிய தேதி, மறைத்த நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். பிறகு ஒலித்தடத்தை மட்டும் கழற்றி, உடுக்கைச் சத்தமோ நேரடி மேளமோ சேர்த்து மறுபடி போடலாம். படத்தை மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை. பணக் கேள்விக்கு, உரிமைக்கு ஆதாரம் காட்டும்வரை ஒரு ரேண்டும் பேசாதீர்கள். காட்டிவிட்டால் நியாயமான ராயல்டி எவ்வளவு என்ற பேச்சுதான். அப்போது வக்கீலோடு போங்கள்.