மாலை மாற்றியது தெம்செல்வ்ஸா, ஈச் அதரா?

கேள்வி: மேலமாசி வீதி

வணக்கம். இங்கே ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். சித்திரைத் திருவிழா பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க, ஆங்கிலத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. திருக்கல்யாணத்தில் வந்து நிற்கிறேன். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு "தே கார்லண்ட் தெம்செல்வ்ஸ்" என்கிறார் எங்கள் அக்கவுண்டன்ட். கைடு அண்ணன் "தே கார்லண்ட் ஈச் அதர்" என்கிறார். அக்கவுண்டன்ட் காரணமும் சொல்கிறார்: மாற்றிக்கொள், பார்த்துக்கொள் என்று 'கொள்' வந்தால் ஆங்கிலத்தில் செல்ஃப் வர வேண்டுமாம். கைடு அண்ணனிடம் காரணம் கேட்டால், "வெள்ளைக்காரங்க அப்படித்தான் பேசுறாங்க" என்பதோடு சரி.

அப்புறம், கடைசி வரியாக "ஃபார் எனி ஹெல்ப், கான்டாக்ட் த கைடு ஆர் மைசெல்ஃப்" என்று போட்டிருக்கிறேன். அது சரிதானே?

பதில்: மேலூர் (ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்)

கைடு சொல்வதுதான் சரி அம்மா. ஆனால் அக்கவுண்டன்ட் சும்மா சொல்லவில்லை. அவர் எங்கே வழுக்குகிறார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

"கையை வெட்டிக்கொண்டான்" என்றால் தன் கையை. "அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டார்கள்" என்றால் அவன் இவனை, இவன் அவனை. இரண்டுக்கும் நமக்கு ஒரே 'கொள்' போதும், கேட்பவருக்கும் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி. செய்கிறவர் மேலேயே அந்தச் செயல் திரும்பி விழுந்தால் செல்ஃப், செல்வ்ஸ். அவர் இவருக்கும் இவர் அவருக்கும் செய்தால் ஈச் அதர். "தே கார்லண்ட் தெம்செல்வ்ஸ்" என்று எழுதினால், அம்மன் தன் கழுத்தில் தானே ஒரு மாலை, சுவாமி தன் கழுத்தில் தானே ஒரு மாலை. கட்சிக் கூட்ட மேடையில்கூட அப்படி நடக்காது, ஆள் ஏற்பாடு செய்துதான் போடச் சொல்வார்கள்.

இன்னொன்று. 'கொள்' வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஏதாவது ஒட்ட வேண்டும் என்பதும் இல்லை. சவரம் செய்துகொண்டான், உடை மாற்றிக்கொண்டான் என்பதற்கெல்லாம் ஷேவ், சேஞ்ச் என்று வெறுமனே நிறுத்துவதுதான் இயல்பு. சந்தித்துக்கொள்வதும் அப்படியே. தங்கையின் கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேரும் அழகர், வண்டியூர் வரை வந்துவிட்டு மலைக்குத் திரும்பிவிடுகிறார் என்ற கதையையும் எழுதுவீர்கள் அல்லவா? அங்கே "அழகர் அண்ட் மீனாட்சி டூ நாட் மீட்" போதும். ஈச் அதர் சேர்த்தாலும் பிழையில்லை. ஆனால் கள்ளர் கோலத்தில் வருவதை "டிஸ்கைசஸ் ஹிம்செல்ஃப்" என்றுதான் எழுத வேண்டும். அந்த வினை யாரை என்று கேட்கும். என்ஜாய் என்பதும் கேட்கும். "வீ என்ஜாய்ட்" என்று நிறுத்தினால் எதை என்று அந்தரத்தில் நிற்கும், "வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்" என்றால் முழுசு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் "அவேல் திஸ் ஆஃபர்" என்று எழுதி வைக்கிறார்களே, கறாராகப் பார்த்தால் அது "அவேல் யுவர்செல்ஃப் ஆஃப் திஸ் ஆஃபர்". நம் ஊர் ஆங்கிலத்தில் அது ஊறிப்போய்விட்டது, பலகையோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். உங்கள் குறிப்பில் மகால் வருமானால் கவனியுங்கள். "திருமலை நாயக்கர் பில்ட் ஹிம்செல்ஃப் எ பேலஸ் இன் 1636" என்றால் தமக்காகக் கட்டிக்கொண்டார். அதே ஹிம்செல்ஃபைத் தள்ளி, "பில்ட் எ பேலஸ் ஹிம்செல்ஃப்" என்று வைத்தால் தாமே கட்டினார் என்றாகிறது. மன்னர் கையில் கரண்டியோடு சாரத்தில் ஏறி, அந்தப் பெரிய தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் படிப்பவர் கற்பனை செய்வார்.

உங்கள் கடைசி வரிக்கு வருவோம். "கான்டாக்ட்" என்று ஒருவரிடம் சொல்லும்போது செய்கிறவர் 'யூ'. மைசெல்ஃப் வர வேண்டுமானால் செய்கிறவர் 'ஐ' ஆக இருக்க வேண்டும். அதனால் "த கைடு ஆர் மீ". மீ என்றால் மரியாதைக் குறைவு, மைசெல்ஃப் என்றால் பவ்யம் என்று நம் ஆபீஸ்களில் ஒரு நினைப்பு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

பதில்: அண்ணா நகர்

நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். "மைசெல்ஃப் இன்னார், ஃப்ரம் மதுரை" என்று ஆரம்பிக்காத பையனைப் பார்ப்பது அபூர்வம். "ஐ ஆம்" போதும் தம்பிகளா.

இதைவிட ஒரு ஆபத்து உண்டு. பழைய கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன் என்பதற்கு "ஐ ரிலீவ்ட் மைசெல்ஃப்" என்று சொல்கிறார்கள். ரிலீவிங் ஆர்டர் என்ற பேச்சிலிருந்து வந்த பழக்கம். ஆங்கிலேயர் காதில் அது ஒன்றுக்குப் போய்வந்த செய்தி. லண்டன் கிளையண்ட் ஒருவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்தேன். "ஐ லெஃப்ட்" என்று சொல்லுங்கள்.

பதில்: திருப்பரங்குன்றம்

இரண்டு பேர் என்றால் ஈச் அதர், அதற்கு மேல் என்றால் ஒன் அனதர் என்று பள்ளியில் படித்தோமே. ஆற்றில் அழகர் இறங்கும் அன்று கூட்டம் ஒருவரையொருவர் தள்ளுவதற்கு ஒன் அனதர்தானே போட வேண்டும்? யாரும் அதைச் சொல்லவில்லையே.

பதில்: மேலூர்

போடுங்கள், தப்பில்லை. ஈச் அதர் போட்டாலும் தப்பில்லை. அந்தப் பிரிவுக்கு வரலாற்று ஆதாரமும் இல்லை, பயனும் இல்லை என்று, ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய புகழ்பெற்ற கையேட்டை எழுதிய ஃபௌலர் 1926-லேயே எழுதிவிட்டார். நம் ஊர் வினாத்தாள்கள்தான் அதை விடவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளை என்றால் பள்ளியில் சொன்னபடியே எழுதட்டும், மார்க் முக்கியம். டூரிஸ்ட் குறிப்புக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொல்வீர்கள் அல்லவா? "பிரிங் வாட்டர் வித் யூ". அங்கே யுவர்செல்ஃப் வராது. கூட, பக்கத்தில், பின்னால் என்று இடம் காட்டும் சொற்களுக்குப் பிறகு பெரும்பாலும் சாதாரண யூ, ஹிம், ஹெர்தான்.

மறுமொழி: மேலமாசி வீதி

ரொம்ப நன்றி சார். ஈச் அதர் என்று திருத்தி, கடைசி வரியில் மீ போட்டுவிட்டேன். அக்கவுண்டன்டிடம் காட்டினேன். மாலை விஷயத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் நாயக்கர் வரியில் ஹிம்செல்ஃப் எதற்கு, வெறும் "பில்ட் எ பேலஸ்" போதாதா என்கிறார்.

பதில்: மேலூர்

போதும். இந்த முறை அவர் சொல்வதைக் கேளுங்கள்.