ஜேர்மன் டூ ஸ்ட்ரோக் கார் ரம்பொடை இறக்கத்தில் தாங்குமா?

கொத்மலை_ஆட்டோ:

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். ஔடி காரின் மூக்கில் இருக்கிற நாலு வளையத்தில் ஒன்று டீ.கே.டபிள்யூ என்ற கம்பெனிக்கு உரியது, அந்தக் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்கு முன்னாலேயே டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போட்ட குடும்பக் கார் செய்து இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது என்று கராஜில் ஒருவர் சொன்னார். சும்மா கதை விடுகிறாரா என்று தெரியவில்லை.

நான் ஓட்டுவது பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ. அதன் குணம் எனக்குத் தெரியும். புகை, பிளக்கில் கரி, லபுக்கலைப் பக்கம் ஏறும்போது இழுவை போய்விடும், அதெல்லாம் சரி. ஆனால் எனக்குப் பயம் இறக்கத்தில்தான். நுவரெலியாவில் இருந்து ரம்பொடைக்கு இறங்கும்போது ரேஸை மூடிவிட்டுக் கியரிலேயே விட்டால் பெற்றோல் உள்ளே போகாது, பெற்றோலில் கலந்த ஒயிலும் போகாது, ஆனால் சக்கரம் எஞ்சினை விடாமல் சுற்றும். போன வருஷம் அப்படித்தான் எனக்குப் பிஸ்டன் பிடித்தது. நாலு பேரை ஏற்றுகிற காரில் இதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் காருக்கு ஏன் டூ ஸ்ட்ரோக்?

பழைய_இரும்பு:

கதை இல்லை தம்பி, உண்மைதான். ஏன் டூ ஸ்ட்ரோக் என்றால், அவர்களிடம் இருந்தது அதுதான்.

முதலாளி ரஸ்முசன் ஒரு டென்மார்க்காரர். ஜேர்மனியில் சாக்சனி என்ற பகுதியில் ச்சோப்பாவ் என்ற சின்ன ஊரில் பெக்டரி. முதல் உலகப் போர் நேரம் பெற்றோல் தட்டுப்பாட்டில் நீராவிக் கார் செய்து பார்த்தார், அது சரிவரவில்லை. போர் முடிந்ததும் பையன்கள் விளையாட ஒரு குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போட்டார்கள், அதையே பெரிதாக்கிச் சைக்கிளில் பூட்டினார்கள், அப்புறம் முழு மோட்டார் சைக்கிள். 1920களின் கடைசியில் உலகத்திலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி இதுதான். வால்வு இல்லை, கேம் இல்லை, இரண்டு சிலிண்டர் எஞ்சினில் அசைகிற உறுப்பு மொத்தமே ஐந்து: ஒரு கிராங்க், இரண்டு கொனெக்டிங் ரொட், இரண்டு பிஸ்டன். அப்படி ஒரு எஞ்சினை மலிவாக வார்த்துத் தள்ளத் தெரிந்த ஆள் காருக்கென்று புதிதாக ஃபோர் ஸ்ட்ரோக் கற்றுக்கொண்டு இருப்பாரா?

1928இல் முதல் கார், டைப் பீ. 584 சீசீ, 15 குதிரைவலு, பின்சக்கர இழுவை. பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். உண்மையான திருப்பம் 1930 கடைசியில் வந்தது. ஸ்விக்காவ் நகரத்து ஔடி பெக்டரியை ரஸ்முசன் 1928இலேயே வாங்கியிருந்தார். அங்கே செய்த பெரிய பெரிய கார்களை 1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வாங்க ஆள் இல்லை. ஒருநாள் அங்கே போய், மோட்டார் சைக்கிள் எஞ்சின், முன்சக்கர இழுவை, மரத்தில் பொடி (காரின் கூடு), ஆறு கிழமைக்குள் கார் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஹவுஸ்டைன், ஆர்ல்ட் என்று இரண்டு பேர் வரைந்து முடித்தார்கள். 1931 பெப்ரவரியில் பெர்லின் கண்காட்சியில் எஃப்1 என்ற அந்தக் கார் நின்றது, விலை 1,685 ரைக்ஸ்மார்க். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை ஓட்டுகிற வேலை, இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிற சின்னக் கார் எல்லாவற்றிலும் இருக்கிற அமைப்பு. அந்த அவசரத்தில் செய்ததுதான் கம்பெனியைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

அடுத்த வருஷம், 1932இல், ஔடி, டீ.கே.டபிள்யூ, ஹோர்ஹ், வாண்டரர் நாலையும் சாக்சனி அரசு வங்கி சேர்த்துக் கட்டியது. உங்கள் நாலு வளையம் அதுதான். கூட்டில் அதிகமாக விற்றது இந்த மரக் கார். ஆனால் ரஸ்முசனை 1934இலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள், அது வேறு கதை.

கண்டி_மொரிஸ்:

மரப் பொடி என்கிறீர்கள், அதன் மேல் என்ன என்பதையும் சொல்லுங்கள். ஒட்டுப்பலகை, அதன் மேல் ரெக்சின். முந்தித் தேயிலைப் பெட்டி செய்தார்களே, அதே மாதிரிப் பலகையில் உட்கார்ந்து போகிற வேலை. நம்முடைய நுவரெலியா ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது, ரெக்சின் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், உள்ளே தண்ணீர் புகுந்து பலகை உப்பிவிடும். அந்த எஃப்1இன் 18 குதிரைவலுவை வைத்துக்கொண்டு நாலு பேரோடு 1,868 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதா? அந்த உயரத்தில் காற்று மெலிந்து ஆறில் ஒரு பங்கு வலு அப்படியே போய்விடும். போதாததற்கு பிரேக் எல்லாம் கேபிள். என் மொரிஸ் மைனரில் ஃபோர் ஸ்ட்ரோக், ஹைட்ரோலிக் பிரேக், இரும்புப் பொடி. நான் அதை விட்டு இறங்க மாட்டேன்.

பண்டாரவளை_பாஸ்:

மொரிஸ் அண்ணே, உங்கள் மைனர் 1948இல் வந்த கார். 1931 காரோடு வைத்துப் பேசுவது நியாயம் இல்லை. ச்சோப்பாவும் எர்ட்ஸ்கெபிர்கே மலை அடிவாரத்து ஊர்தான், ஏற்றம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் செய்த கார் இல்லை. பலகை விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். எஞ்சினில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, பிஸ்டன் தலை. எஃப்1இல் பிஸ்டனின் மேல்பக்கம் ஒரு மேடு இருக்கும். புது கலவை ஒரு பக்கத் துவாரத்தால் உள்ளே வரும், எக்ஸ்ஹோஸ்ட் துவாரம் நேர் எதிரே. மேடு இல்லாவிட்டால் புது பெற்றோல் எரியாமலே எதிரே வெளியே ஓடிவிடும், அதனால் அந்த மேடு அதை மேலே திருப்பிவிடும். ஆனால் மேடு இருந்தால் பிஸ்டன் பாரம், ஒரு பக்கம் மட்டும் சூடேறும், சூட்டில் கோணும், எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் பெற்றோல் கொஞ்சம் வீண்தான். ஷ்னூர்லே என்ற எஞ்சினியர் இதற்கு 1920களிலேயே வழி கண்டுபிடித்திருந்தார். எக்ஸ்ஹோஸ்ட் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துவாரம் வைத்து, கலவையைச் சாய்வாக எதிர்ச் சுவர் மேல் அடிக்க விட்டார். அது சுவரோடு மேலே ஏறி, ஹெட்டில் திரும்பி, கீழே வரும்போது எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு போகும். மேடு தேவையில்லை, பிஸ்டன் தலை தட்டை. 1930களின் தொடக்கத்தில் டீ.கே.டபிள்யூ அந்த உரிமையை வாங்கி முதலில் மோட்டார் சைக்கிளிலும் அப்புறம் காரிலும் போட்டது. இது வராமல் போயிருந்தால் அந்தக் கார் ஐந்தாறு வருஷத்தில் செத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உன் ஆட்டோவின் சிலிண்டரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார், துவாரங்கள் சாய்வாக வெட்டியிருக்கும். ஷ்னூர்லேயின் வேலைதான் அதுவும்.

இரண்டாவது, நீ பயப்படுகிற இறக்கம். அவர்களுக்கும் அதே பயம் இருந்தது. 25 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் ஒயில் கலக்கிற எஞ்சின், ரேஸை மூடினால் ஒயிலும் நிற்கும். அதனால் டிரான்ஸ்மிஷனில் ஃப்ரீவீல் வைத்தார்கள். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே வேலை. ரேஸை விட்டதும் எஞ்சின் தனியாகக் கழன்று ஐட்லிங்கில் மெதுவாக ஓடும், கார் தன் பாட்டில் உருளும். பிஸ்டன் பிடிக்காது, பெற்றோலும் மிச்சம். நம் ஆட்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறார்கள் இல்லையா, அதைப் பெக்டரியிலேயே செய்து கொடுத்த மாதிரி.

கொத்மலை_ஆட்டோ:

நன்றி பாஸ், பிஸ்டன் விஷயம் இப்போதுதான் விளங்கியது. ஆனால் ஃப்ரீவீல் என்றால் எஞ்சின் பிரேக் இல்லையே? லபுக்கலையில் இருந்து ரம்பொடை வரை வளைவுக்கு மேல் வளைவு, கேபிள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியுமா? லைனிங் சூடாகி வாசம் வர ஆரம்பித்தால் பாதியில் பிரேக் போய்விடுமே. நியூட்ரலில் இறக்கிக் குப்புற விழுந்த வேன்களை நாங்கள் பார்க்கிறோம்.

பண்டாரவளை_பாஸ்:

முடியாது. அதனால்தான் ஃப்ரீவீலைப் பூட்டுகிற வசதியும் வைத்தார்கள். சமதரையில் திறந்து விடு, பெரிய இறக்கம் வந்தால் பூட்டிக்கொண்டு கியரிலேயே இறங்கு. பூட்டியதும் பழையபடி ஒயில் பிரச்சினை வரும், அதனால் இடைக்கிடை ரேஸை ஒரு தட்டுத் தட்டிக் கலவை உள்ளே போக விட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கின் எஞ்சின் பிரேக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் அளவுக்குப் பிடிக்காது, அது வேறு. ஆக மொத்தம் மலைநாட்டில் இந்தக் காருக்கு ஓட்டுகிறவன்தான் முக்கியம்.

பழைய_இரும்பு:

பிரேக்கும் பலகையும் அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. எஃப்1க்குப் பிறகு எஃப்2, எஃப்4, எஃப்5, எஃப்7, எஃப்8 என்று வந்த எல்லாவற்றிலும் இரண்டு சிலிண்டர்தான், பெரியதே 692 சீசீ, 20 குதிரைவலு, கேபிள் பிரேக். அடுத்ததாக எஃப்9 என்று மூன்று சிலிண்டர், 900 சீசீ, ஹைட்ரோலிக் பிரேக், காற்றைக் கிழிக்கிற வடிவத்தில் இரும்புப் பொடி, எல்லாம் தயார், 1940இல் விற்க வேண்டியது. போர் வந்து விழுங்கிவிட்டது. போருக்குப் பிறகு ஸ்விக்காவ் சோவியத் பக்கம் போனதால் அதே வரைபடங்களை வைத்து கிழக்கு ஜேர்மனியில் எஃப்9 செய்தார்கள், அங்கே பிறகு வந்த வார்ட்புர்க் கார் அந்த எஞ்சினின் பிள்ளை. ஸ்வீடன்காரன் தன் முதல் சாப் காருக்கும் இதைப் பார்த்தே டூ ஸ்ட்ரோக் போட்டான்.

பின்சக்கர இழுவையில் நாலு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் ஒன்றும் விற்றார்கள், நாலு எட்டுக்குச் சமம் என்று விளம்பரம். பெற்றோல் குடித்தே பெயர் கெட்டது. அதைக் கண்டி அண்ணனுக்குச் சிபாரிசு பண்ண மாட்டேன்.

கண்டி_மொரிஸ்:

பண்ணாதீர்கள். ஆனால் அந்த எஃப்9 படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள், இரும்புப் பொடி என்றால் பார்க்கலாம்.

பண்டாரவளை_பாஸ்:

தம்பி, பிஸ்டன் மாற்றினாய் என்றால் சிலிண்டரை உள்ளே கடைந்து ரீபோர் பண்ணினாயா, பழைய சிலிண்டரிலேயே ரிங் மட்டும் போட்டார்களா? ரிங் மட்டும் என்றால் அடுத்த இறக்கத்திலும் பிடிக்கும். எக்ஸ்ஹோஸ்ட் துவாரத்தில் கரி எவ்வளவு என்று பார்த்துச் சொல், சைலன்சரையும் கழற்றிப் பார்.