பீபரியை விட்டால் மாமனார் கண்டுபிடித்துவிடுவாரா?

மாயவரத்து மருமகள்:
வீட்டில் ஐந்து பேர், மாதம் ஒன்றரை கிலோ காபித்தூள். 30 வருடமாக ஒரே கடை, ஒரே கணக்கு: முழுக்க பீபரி என்ற உருண்டைக் காபிக்கொட்டை, 80க்கு 20 சிக்கரி. இப்போது விற்கிற விலையில் கட்டுப்படியாகவில்லை. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு ஒரு பாக்கெட் வாங்கினேன். டிகாக்ஷன் என்னவோ நல்ல கறுப்பாகத்தான் இறங்கியது. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, "பால் வேறயா?" என்றார். பழி பால் மேல் போனதில் எனக்கு நிம்மதி. மறுநாள் மாட்டிக்கொண்டேன். இன்ஸ்டன்ட் என்ற பேச்சையே இங்கே எடுக்க முடியாது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

உறையூர்க்காரன்:
பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று போட்டிருக்கும். 51 சதவீதம் காபி இருந்தால் சட்டப்படி விற்கலாம். அந்தக் கறுப்பு சிக்கரி வேரின் கறுப்பு. காபி விலை கொடுத்து வேரை வாங்கியிருக்கிறீர்கள்.

பழைய அரவைக்காரர்:
காபிக் கடையில் 22 வருடம் வறுத்து அரைத்தவன் நான். பீபரி தனி ஜாதி இல்லை அம்மா. ஒரு பழத்தில் தட்டையாக இரண்டு கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக ஒன்றே விளைந்தால் அது பீபரி. பிளாண்டேஷன் ஏ என்கிற தட்டைக் கொட்டையும் அதே செடியில் காய்ப்பதுதான்; எங்கள் கடையில் விலை எப்போதும் ஒரு படி கீழே. பாதி அது, கால் பீபரி, கால் ரொபஸ்டா என்று கேளுங்கள். ரொபஸ்டா வேறு ஜாதிக் காபி; அதில் கசப்பு கூடுதல், காஃபீனும் கூடுதல். ஆனால் டிகாக்ஷனுக்குக் கனம் கொடுக்கும், பால் விட்டால் அந்தக் கசப்பு அடங்கிவிடும். சிக்கரி 20ஐத் தாண்ட வேண்டாம். ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். முதல் வாரம் ரொபஸ்டா இல்லாமல் வாங்குங்கள், அடுத்த வாரம் சேருங்கள்.

வைகைக்கரை:
எங்கள் வீட்டில் இரண்டு ஃபில்டர். சின்னது அப்பாவுக்கு, பழைய தூள். பெரியது எங்களுக்கு. சண்டையே இல்லை.

மாயவரத்து மருமகள்:
இரண்டு ஃபில்டர் கழுவ என்னால் ஆகாது, மன்னிக்கவும்!

மூன்று வாரம் ஆயிற்று. மிச்சமிருந்த பாக்கெட் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்த்தேன். கொஞ்சம் மிதந்தது, மீதி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடியில் போயிற்று. சிக்கரி அப்படித்தான் இறங்குமாம். அரவைக்காரர் ஐயா சொன்ன கணக்கில் கிலோவுக்கு 180 ரூபாய் குறைகிறது, மாதம் 270. மாமனார் இதுவரை வாய் திறக்கவில்லை. மாமியார்தான் நேற்று, "இப்பதான்டி காபி ஸ்ட்ராங்கா போடக் கத்துக்கிட்ட" என்றார்.