ஊரே புகழும் இயர்போன் எனக்கு மட்டும் தகரமாக ஒலிப்பது ஏன்?

ஏலக்காய்க் கணக்கர், கம்பம்

வணக்கம். கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு வேலை. விடியும் முன்பே காய் எடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போகிறேன். ஜீப்பில் ஓட்டுநர் வைப்பதுதான் பாட்டு. அவருக்கு மூன்றே மூன்று பாட்டுகள்தான் பிடிக்கும். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தச் செலவு.

இதுவரை 300 ரூபாய் இயர்போன், மழைக்காலத்துக்கு ஒன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் துணிந்து 1,600 ரூபாய்க்கு ஒன்றை வரவழைத்தேன். காதுக்குள் செருகி, வயரைக் காதுமடலுக்கு மேலே சுற்றிவிடும் வகை. உள்ளே ஒலி எழுப்பும் பகுதி 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர். வாங்கியவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கோ தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல் இருக்கிறது. குரலில் 'ச' வரும் இடமெல்லாம் ஊசி குத்துகிறது. தவில் கேட்டால் கணீரென்று ஒலிக்கும் வலப்பக்கமான வலந்தலை மட்டும் டக் டக் என்கிறது, கும்மென்று அதிரும் இடப்பக்கமான தொப்பி இருக்கும் இடமே தெரியவில்லை. இளையராஜா பாட்டில் பேஸ் கிதாரைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம். அந்த உரிமையில் ஆசைப்பட்டேன்.

என் போனில் வட்டத் துளை கிடையாது. சார்ஜ் போடும் துளையில், இயர்போன் வயரை மாட்ட உதவும் 400 ரூபாய் டாங்கிள் ஒன்றைச் செருகித்தான் கேட்கிறேன். சந்தேகம் அதன் மேல்தான். 2,000 ரூபாய்க்கு நல்ல டாங்கிள் வாங்கலாமா? வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் இங்கே கேட்கிறேன்.

மைக் செட், கொழிஞ்சாம்பாறை

தம்பி, அந்த 2,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். டாங்கிள் கெட்டிருந்தால் இரைச்சல் வரும், கரகரக்கும், மொத்தச் சத்தமும் குறையும். அடித்தாளம் மட்டும் காணாமல் போனால் நான் முதலில் பார்ப்பது காற்று ஒழுகுகிறதா என்பதைத்தான்.

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மெதுவாக அழுத்தினால் காற்றெல்லாம் பக்கவாட்டில் நழுவிவிடும். வெடுக்கென்று அழுத்தினால் கொஞ்சமாவது டயரில் ஏறும். தொப்பியின் ஒலி மெதுவான அழுத்தல், நொடிக்கு ஐம்பது, நூறு தடவை அதிர்வது. வலந்தலையின் 'டக்' ஆயிரக்கணக்கில் அதிர்வது. இயர்போன் முனையில் இருக்கும் ரப்பருக்கும் காதுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், தொப்பி ஒழுகிவிடும், வலந்தலை மட்டும் வந்து சேரும். தாங்கிப் பிடிக்க அடித்தாளம் இல்லாததால் 'ச' வேறு தனியாகத் துருத்திக்கொண்டு குத்தும்.

பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். தொப்பி எழுந்து வந்தால் டாங்கிள் நிரபராதி. பெட்டியில் வேறு அளவு ரப்பர்களும் இருந்திருக்குமே, அந்தப் பொட்டலத்தைப் பிரித்தீர்களா?

குமுளி செல்போன் கடை

பிரித்திருக்க மாட்டார். என் கடைக்குத் திரும்பி வருபவை பாதிக்கு மேல் அந்தப் பொட்டலம் பிரிக்காதவைதான். வேலைப்பாடு எல்லாம் அந்த ரப்பரில்தான் இருக்கிறது அண்ணா. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை.

எங்கள் ஊர் மூடுபனிக்கு இன்னொன்று. ரப்பரை மாட்டும் குழலின் முனையில் இருக்கும் கம்பி வலையில் ஈரமும் காதழுக்கும் சேர்ந்தால் ஒரு பக்கம் மங்கிவிடும். காய்ந்த பிரஷ்ஷால், முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டிவிடுங்கள். ஊதாதீர்கள், எச்சில் உள்ளே போகும். பெட்டியில் ஒட்டியிருக்கும் 'ஹை ரெஸ்' ஸ்டிக்கரைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுப்பதும் வேண்டாம். 40,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு வரை ஒலிக்கும் என்பது அதன் பொருள். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. வயது ஏற ஏற அதுவும் குறையும். வௌவாலுக்கு வாங்கித் தருவதானால் சரி.

புளியரைக்காரன்

ஜீப்பில் போகிறவருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஆரியங்காவு குகைப்பாதையில் ரயில் போடும் இரைச்சலையே என் புளூடூத் இயர்போன் அடக்கிவிடுகிறது. இரைச்சலை அடக்கும் வசதியுள்ளதாக ஒன்று வாங்குங்கள், வயரும் மிச்சம்.

ஏலக்காய்க் கணக்கர், கம்பம்

புளியரை நண்பருக்கு: ஜீப்பின் பின்பலகையில் தொற்றிக்கொண்டு போகிறவன் நான். வயர் இல்லாததைக் காதில் வைத்தால் கொண்டை ஊசி வளைவில் ஏலத்தோட்டத்துக்குத்தான் காணிக்கை.

கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு நன்றி. அழுத்தினேன், தொப்பி வந்துவிட்டது. வெட்கத்தோடு பொட்டலத்தையும் பிரித்தேன். வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குப் பெரிய அளவு. எங்கள் கணக்கு வாத்தியார் இடது காதைப் பிடித்துத்தான் முறுக்குவார், அதனாலோ என்னவோ. பேஸ் கிதார் இப்போது பாட்டுக்கு அடியில் தனியாக நடந்து போவது கேட்கிறது. ஒரு சரணம் முழுக்க அதை மட்டுமே பின்தொடர்ந்து போனதில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

குறையும் உண்டு. காதை நன்றாக அடைப்பதால், அதைப் போட்டுக்கொண்டு முறுக்கு தின்றால் தலைக்குள் கல் உடைக்கிறார்கள். மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்கிறது, எச்சில் விழுங்கினால் சரியாகிறது. ஆனால் முன்பு ஜீப் சத்தத்தை வெல்ல ஒலியளவை உச்சியில் வைப்பேன், இப்போது பாதி போதுமாக இருக்கிறது.

குமுளி செல்போன் கடை

அந்தப் பாதியிலேயே நில்லுங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறைந்துவிடும்.

ஏலக்காய்க் கணக்கர், கம்பம்

சரி தம்பி. பெரிய அளவு ரப்பர் ஜீப்பில் கழன்று விழுந்தால் தனியாகக் கிடைக்குமா?

குமுளி செல்போன் கடை

கிடைக்கும். குழலின் பருமன் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதனால் இயர்போனையும் கையோடு கொண்டுவாருங்கள். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.