குடும்ப மருத்துவப் பயிற்சியில் நம் படிப்புக்கு நாமே பொறுப்பேற்பது எப்படி?

கேள்வி (டி.என்.பி. எனும் முதுநிலை மருத்துவப் பயிற்சியின் முதலாண்டு, கூடலூர்):
மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டு டி.என்.பி. பயிற்சியில் அண்மையில் சேர்ந்தேன். பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மகப்பேறு என்று துறை துறையாக மாற்றிப் போடுகிறார்கள். எங்கே போனாலும் வார்டு வேலைக்கே பொழுது சரியாகிவிடுகிறது, வகுப்புகள் எப்போதாவதுதான் நடக்கின்றன. லாக் புக் (செய்த வேலைகளைக் குறிக்கும் பதிவேடு) நிரம்புகிறதே தவிர, நாளை ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் தனியாக உட்கார்ந்தால் சமாளிப்பேனா என்ற கவலை தீரவில்லை. எதை, எந்த வரிசையில் நானாகப் படிப்பது?

மறுமொழி 1 (கோத்தகிரியில் கிளினிக் நடத்துபவர்):
பாடநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். அன்றைக்கு வந்தவர்களில் உங்களைத் திணறவைத்த ஒரு நோயாளியிலிருந்து தொடங்குங்கள். கையும் காலும் வீங்கி, தொட்டாலே வீறிட்டு அழும் ஒரு வயதுப் பணியர் பழங்குடிக் குழந்தை வந்ததாக வைத்துக்கொள்வோம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாகும் பரம்பரை ரத்தக் கோளாறு) இருப்பது 1952இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. அந்த வீக்கம் இதனாலும் வரலாம் என்பதால், இங்கே பயிற்சி பெறுபவர் அதை வெறும் கிருமித்தொற்று என்று தள்ளிவிட முடியாது. ‘சிக்கிள் செல்லுக்கான முதல்கட்ட ரத்தப் பரிசோதனையான கரைதிறன் சோதனை பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு நோயா, ஒரு மரபணு மட்டும் வந்திருக்கிறதா?’ என்று ஒரே வரியில் குறித்து, அன்றிரவே தேடுங்கள். அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே காட்டும் எலக்ட்ரோபோரெசிஸோ எச்.பி.எல்.சி.யோ வேண்டும் என்று தெரிந்துகொண்டதும், இந்தக் குழந்தைகளுக்கு மண்ணீரல் ஏன் சீக்கிரமே செயலிழக்கிறது, காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக்கை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று அடுத்தடுத்த கேள்விகள் தாமே எழும். மறுநாள் ரவுண்ட்ஸில் இப்படியொரு கேள்வியோடு நின்றால், எவ்வளவு நெரிசலிலும் பதில் சொல்லாமல் நகர்ந்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. கோவைக்கோ கோழிக்கோட்டுக்கோ அனுப்பிய நோயாளிக்கு அங்கே என்ன நோய் என்று சொன்னார்கள் எனக் கட்டாயம் போன் செய்து கேளுங்கள். நாம் நினைத்தது சரியா என்று அறிய வேறு வழியில்லை.

மறுமொழி 2 (பிரிட்டனில் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவர் பயிற்சி முடித்தவர், குன்னூர்):
மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அங்கே பயிற்சி மருத்துவர், தான் கண்ட நோயாளிகளிடமிருந்து கற்றதை மின்னணுப் பதிவேட்டில் தாமே எழுத வேண்டும்; மேற்பார்வை மருத்துவர் அதைப் படித்துக் கருத்துச் சொல்வார். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் எழுத்து வேலையாகிவிடும். ஆகவே உங்கள் வழிகாட்டியிடம் வாரத்தில் அரை மணி நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். படிப்பது நம் பொறுப்பு என்பதற்காக, வகுப்பு நடத்த வேண்டிய நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை; நடக்காத வகுப்புகளைப் பணிவாக, ஆனால் எழுத்திலேயே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது குழந்தைகள் வார்டில்தான் இருக்கிறேன், இன்றே தொடங்குகிறேன். குறிப்பேட்டில் நோயாளியின் பெயரை எழுதலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். வயதும் தொந்தரவும் உங்கள் கேள்வியும் போதும். பெயரும் போன் எண்ணும் மருத்துவமனைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.